மணியின்றிப் போனவர்கள்

பெரிய வெள்ளிக்கிழமையின் வைகறைப் பொழுது. மன்னார்க் கடல் காற்றுமின்றி அலையுமின்றிச் சாம்பல் நிறம் பூத்துக் கிடக்க, துறைமுகத்திற்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நின்ற கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைய, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வழக்கம்போல் விண்ணைக் கறைப்படுத்திக்கொண்டிருக்க, ஊரின் வடக்கிலும் தெற்கிலும் பரந்த உப்பளங்களில் குவித்த உப்பு பனையோலை மூடாக்கின் கீழ் வெளுத்துத் தெரிந்தது. ஆண்டின் மற்ற நாட்களில் இந்நேரத்தில் படகுப் பொறிகளின் இரைச்சலும் மீன் ஏலங்கூறுவாரின் கூவலும் கரையை நிறைத்துவிடும். இன்றோ படகுகளெல்லாம் மணலில் சாய்ந்து கிடந்தன. ஆண்டவர் சிலுவையில் தொங்கும் நாளில் கடலுக்குப் போகிறவன் இக்கரையில் இல்லை.

முன்னொரு காலத்தில் முத்துக்காக உலகமே இக்கரைக்கு வந்து நின்றதென்பதை நூல்களில் படித்திருப்பீர்கள். முத்துச்சிப்பி அருகிப்போனபின் சங்கெடுக்கக் கடலுள் மூழ்குகிறவர்களே இங்கு எஞ்சினார்கள். காற்றுக்குழாயைப் பல்லிற் கடித்துக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் நடந்து திரியும் அத்தொழிலில், மேலே வரும்போது சற்றே விரைந்துவிட்டால் போதும், குருதியில் காற்றுக்குமிழி புகுந்து ஆளை முடித்துவிடும். பெரிய வியாழனன்று டிக்சன் என்னும் இளைஞனுக்கு நேர்ந்தது அதுதான்.

நண்பரே, இக்கரையின் வழக்கமொன்றை நீங்கள் இங்கேயே அறிந்துகொள்ள வேண்டும். இறந்தவரின் பேழை கோயில் வாயிலைக் கடக்கும்போது தொடங்கும் துயர்மணி, கல்லறைத் தோட்டத்தில் முதற்பிடி மண் விழும்வரை விட்டுவிட்டு ஒலிக்கும். படகில் நிற்பவன் அதைக் கேட்டுத் தலைத்துணியை அவிழ்ப்பான்; வலை பழுதுபார்ப்பவன் கையை நிறுத்திச் சிலுவை வரைந்துகொள்வான்; அடுப்படியில் நிற்பவள் யாரென்று கேட்டுத் தெருவுக்கு வருவாள். ஏழையாயினும் செல்வனாயினும் அந்த ஒலியோடு போனால்தான் ஊர் தன்னை முறையாக வழியனுப்பியதாக இங்குள்ளவர் எண்ணுவார்கள். ஆனால் பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் வானவர் பாடல் முடிந்ததும் மணியின் நாவைக் கட்டிவிடுவார்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் இரவுவரை மரக்கட்டையைத் தட்டும் ஓசையே கோயிலில் கேட்கும். இடைப்பட்ட நாட்களிலும் உயிர்ப்பு ஞாயிறன்றும் இறந்தவர்க்கென அடக்கத் திருப்பலியும் இல்லை.

டிக்சனின் தந்தை சந்தியாகு, அக்கோயிலின் அடக்கச் சபைக்குத் தலைவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. பேழைக்கு மரம் பார்ப்பதும், குழி வெட்ட இடம் காட்டுவதும், பாடகர்க்கும் பீடப் பணியாளர்க்கும் சொல்லி அனுப்புவதும், மணியடிப்பவனுக்குக் கைகாட்டுவதும் அவரே. நெறிமுறையில் நூலிழை பிசகினாலும் பொறுக்கமாட்டார். ஊரார் அவரை மதித்தார்கள். மதிப்பின் அடியில் அச்சமும் இருந்தது என்பதை அவர் மட்டும் அறியவில்லை. நேர்மையானவர்கள் பலருக்கும் இந்தக் குறை உண்டு. தங்கள் நேர்மை பிறர்மேல் எப்படி விழுகிறது என்று அவர்கள் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

வியாழன் மாலை, பங்குத் தந்தை பன்னிருவரின் பாதங்களைக் கழுவிய வேளையில், நீர்க்குடத்தை ஏந்தி உடன்வந்தவர் சந்தியாகு. பன்னிரண்டாம் இருக்கையில் அமர வேண்டியவன் டிக்சன். இருக்கை வெறுமையாய்க் கிடந்தது. "வரட்டும், வீட்டுக்கு வரட்டும், இருக்கு அவனுக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டே அவர் குடத்தைச் சாய்த்தார். அந்நேரத்தில் அரசு மருத்துவமனையில் அவருடைய மகன் இறந்து கிடந்தான். ஒருவர் வந்து காதோடு சொன்னபோது குடத்து நீர் முழுவதும் பங்குத் தந்தையின் உடைமேல் கொட்டியது. தாம் கடைசியாக மகனை நினைத்தது சினத்தோடுதான் என்பதை அந்த மனிதர் தம் வாழ்நாளில் மறக்கப்போவதில்லை.

வெள்ளி காலை, உடற்கூறாய்வு முடிந்து டிக்சன் வீட்டுக்கு வந்தான். முன்னறையில் அவனைக் கிடத்தி, தலைமாட்டில் சிலுவையும் மெழுகுதிரியும் வைத்தார்கள். சற்று நேரத்தில் சபையார் வந்தனர். சென்ற ஆண்டே இப்பங்குக்கு மாற்றலாகி வந்த இளம் பங்குத் தந்தையும் வந்தார். அடக்கத்தை எப்போது நடத்துவதென்று பேசத் தொடங்கினார்கள். சபையின் செயலரான ததேயு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒங்க மவன நாலாளப்போல எடுக்க முடியுமா? ஐஸ் பெட்டிக்குச் சொல்லிட்டேன். திங்கக்கெழம வரைக்கும் வச்சிருந்து, பாட்டுப் பூசையா வச்சு, மணியடிச்சு எடுப்போம். சபையில ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

சந்தியாகு அவரை ஏறிட்டுப் பார்த்தார். "பஸ்தியானுக்குச் சொன்ன சபைதானவே இது?"

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு.

மூன்றாண்டுகளுக்கு முன் இதேபோல் ஒரு பெரிய வியாழனன்று, துறைமுகத்தில் சுமை தூக்கிவந்த பஸ்தியான் நெஞ்சடைத்து இறந்தான். அவன் மனைவி கிருபை, உப்பளத்தில் கூலிவேலை செய்பவள், கைக்குழந்தையும் பள்ளிச் சிறுவனுமாக சந்தியாகுவின் வாயிலில் வந்து நின்றாள். திங்கட்கிழமைவரை கணவனை வைத்திருந்து திருப்பலியோடும் மணியோடும் அடக்கம் செய்ய வேண்டுமென்று கேட்டாள். உயிர்த்த ஆண்டவரின் தேர் தெருவில் வரும்போது அத்தெருவில் சாவு கிடக்கலாகாது, அது திருச்சபைச் சட்டம் என்று கூறி சந்தியாகு மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை, மரக்கட்டையின் டொக்டொக்கென்ற ஓசையில், விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் பின்னே வர, பஸ்தியானை மண்ணுக்குள் வைத்தார்கள். பின்னர் ஒருநாள் அவன் பெயரால் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டதென்னவோ உண்மை. ஆனால் தெருவின் நாக்கைக் கட்டுவார் யார்? அவன் 'மணியில்லாமப் போனவன்' ஆனான். அவன் மகன் 'மணியில்லாமப் போனவன் மவன்' ஆனான்.

"அது வேற அண்ணாச்சி, இது வேற" என்றார் ததேயு.

பங்குத் தந்தை இதுவரை கேட்டுக்கொண்டே இருந்தார். பழைய செய்தியை அறியாதவராகையால் தயக்கமின்றிப் பேசினார். "பெரியவரே, இந்த நாட்கள்ல அடக்கப் பூசை வைக்கக் கூடாதுங்கிறதுதான் சட்டம். உடல வச்சிருக்கக் கூடாதுன்னு திருச்சபை எங்கயும் சொல்லல. தேர் வரும்போது தெருவுல சாவு இருக்கக் கூடாதுங்கிறது நீங்களா வச்சுக்கிட்ட வழக்கம். திங்கட்கிழமை நான் பூசை வைக்கிறேன்."

மகன் இறந்த செய்தியைத் தாங்கிய சந்தியாகுவால் இந்தச் சொற்களைத் தாங்க முடியவில்லை. அவர் பொய் சொல்பவரல்லர். தம் தந்தையும் அவர்க்கு முன்னிருந்த தலைவர்களும் கடைப்பிடித்ததைத் திருச்சபைச் சட்டமென்றே நம்பியிருந்தார். ஒருமுறையேனும் எந்தக் குருவிடமும் அதைக் கேட்டறியவில்லை. அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணை, இல்லாத சட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறோம் என்பது, மகனின் உடலுக்கு அருகில் நின்றபோதுதானா அவர்க்குத் தெரிய வேண்டும்?

"வேண்டாம் சாமி" என்றார் அவர். "இன்னைக்கே எடுக்கணும். கோயில்ல எல்லாரும் சிலுவைய முத்தி செஞ்சு முடிச்சதும் எடுத்திருவோம். மணியும் வேண்டாம், பூசையும் வேண்டாம். ததேயு, குழி வெட்டச் சொல்லும்."

உள்ளிருந்து அவர் மனைவி வியாகுலம் வந்தாள். அழுது ஓய்ந்த முகம். குரல் மட்டும் உறுதியாக இருந்தது.

"ஏங்க, எம்புள்ள என்ன பாவஞ் செஞ்சான்? ஊரு செத்தவனுக்கெல்லாம் பெட்டி பாத்து, குழி பாத்து, மணி அடிக்கச் சொன்னிய. பெத்த புள்ளைக்கு இல்லையா?"

"ஏளா, ஊருக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டமா? நான் எப்படி அந்தக் கிருபை மொகத்துல முழிப்பேன்?"

"நீங்க தலைவர், நீங்க முழிக்கணும். நான் ஒண்ணும் தலைவி இல்ல. எனக்கு எம்புள்ளைக்கு மணி வேணும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதைப் படிக்கும் நீங்களும் ஒருவேளை அவரை மெச்சக்கூடும். தனக்கென்று வரும்போதும் தராசைச் சாய்க்காத மனிதரென்று சொல்லக்கூடும். எனக்கோ அப்படிச் சொல்ல நா எழவில்லை. ஒரு வீட்டில் தாம் மூட்டிய துயரத்தை மறுவீட்டிலும் மூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவர் எண்ணினார். அந்த மறுவீட்டில் வியாகுலமும் இருக்கிறாள் என்பதை அவர் எண்ணவில்லை. தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் பெருமிதத்தில், தண்டனை யார் தலையில் விழுகிறதென்று பார்க்க மறந்தார்.

நண்பகல் ஆயிற்று. கல்லறைத் தோட்டத்தில் குழி பாதி இறங்கிவிட்டதென்று செய்தி வந்தது. வெள்ளைத் துணி போர்த்திய பேழையை வாயிலருகே இறக்கி வைத்தார்கள். துக்கத்திற்கு வந்த பெண்கள் வியாகுலத்தைச் சூழ்ந்து அமர்ந்து ஆண்டவரின் பாடுகளைப் பாடிக்கொண்டிருக்கையில், திடீரென்று பாட்டு தணிந்து நின்றது. வாயிலில் கிருபை நின்றுகொண்டிருந்தாள்.

மூன்றாண்டுகளாக அவள் இத்தெருவழியே நடந்ததும் இல்லை. உப்பளத்து வெயிலில் கறுத்து, பாதவெடிப்புகளில் உப்பின் வெண்மை படிந்து, முக்காட்டைக் கையால் பிடித்தபடி அவள் உள்ளே வந்தாள். டிக்சனின் காலடியில் மண்டியிட்டாள். நெடுநேரம் வேண்டிக்கொண்டாள். அவள் எழுந்ததும் சந்தியாகு எதிரே வந்து நின்றார். பெரும் பரிசொன்றைத் தருபவரைப்போல அவர் பேசினார் என்பதை எண்ணினால் இப்போதும் எனக்கு நெஞ்சு கசக்கிறது.

"கிருபை, ஒனக்குச் செஞ்சதத்தான் எனக்கும் செய்யுதேன். இன்னைக்கே எடுக்கோம். மணி கெடையாது."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். "இதக் கேட்டு நான் சந்தோசப்படணுமா அண்ணாச்சி?"

"நான் அன்னைக்கு ஒனக்குச் சொன்னது திருச்சபைச் சட்டம் இல்ல. இன்னைக்குத்தான் சாமி சொல்லுதாவ. தப்புப் பண்ணிட்டேன். அதான்..."

"அதான் ஒங்க மவனையும் அப்படியே அனுப்புதியளோ? இவன மணியில்லாமப் பொதச்சிட்டா எங்க வீட்டுக்காரருக்கு மணி அடிச்ச மாதிரி ஆயிருமா? ஒங்க மனசு ஆறும். அதுக்கு இந்தப் பயதான் கெடச்சானா?" அவள் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துல, கோயில்ல, கடக்கரையில, எல்லாரும் எம்புள்ளைய மணியில்லாமப் போனவன் மவன்னுதான் கூப்பிட்டாவ. ஒங்க டிக்சன் ஒருத்தன்தான் பேரு சொல்லிக் கூப்பிட்டான். வேற ஒருத்தரும் கூப்பிடல, நீங்களும் கூப்பிடல. அவனுக்கு மணி அடிங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்."

வியாகுலம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் மகனைப் பற்றி அவள் அறியாத நற்செய்தி அது.

"ஊரு என்ன சொல்லும் கிருபை? தலைவர் வீட்டுக்குன்னா சட்டம் வளையுதுன்னு சொல்லாதா?"

"சொல்லும். நெசத்தத்தான சொல்லுது. கேட்டுக்கிடுங்க."

இவ்வளவுதான் சொன்னாள். வந்த வழியே திரும்பினாள். மகனை மணியின்றிப் புதைப்பது கடினமென்று எண்ணியிருந்த சந்தியாகுவுக்கு, அதனினும் கடினமான ஒன்று இருக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது. மகனுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, ஊரின் முகத்தில் தலைகுனிந்து நிற்பதே அது. அவர் வாயிற்படியில் அமர்ந்தார். பெரிதாக அழுதார். பிறகு ததேயுவை அழைத்து, பேழையை எடுத்துப்போகச் சொல்லிவிட்டுக் குளிர்ப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த நாட்கள் நகர்ந்த விதத்தை விரித்துரைக்க விருப்பமில்லை. குளிர்ப்பெட்டியின் உறுமல் அவ்வீட்டில் இடைவிடாது ஒலித்தது. கண்ணாடியில் படரும் நீர்த்துளிகளை வியாகுலம் முந்தானையால் துடைத்துத் துடைத்து மகனின் முகத்தைப் பார்த்தாள். இடையிடையே பங்குத் தந்தை வந்து, திருப்பலியில் எந்த வாசகத்தை யார் படிப்பது, எந்தப் பாடலைப் பாடுவது என்று அவளிடமே கேட்டுச் சென்றார். உயிர்ப்பு இரவில் புது நெருப்பால் ஏற்றும் பாஸ்காத் திரியென்னும் பெரிய மெழுகுதிரியைப் பேழையின் தலைமாட்டில் நிறுத்துவோம் என்று அவர் சொன்னபோது, அவள் முதன்முறையாகத் தலையசைத்தாள்.

ஞாயிறு காலை, உயிர்த்த ஆண்டவரின் தேர் பூக்களால் நிறைந்து, மேளம் முழங்க அத்தெருவுக்குள் திரும்பியது. தேருக்கு முன்னே குடைபிடித்து வரவேண்டிய சந்தியாகு, துக்க வீட்டின் வாயிலில் வெறுங்கையோடு நின்றிருந்தார். வீட்டை நெருங்கியதும் மேளகாரர்கள் கைகளை இறக்கினார்கள். சிலர் முகம் சுளித்துப் பக்கத்துத் தெருவுக்குள் விலகிப் போனார்கள். "பஸ்தியான் மூட்ட தூக்குனவன், இவன் தலைவர் மவன்" என்று யாரோ உரக்கவே சொன்னார்கள். சொன்னவரைச் சந்தியாகு அறிவார். அவர் வீட்டுச் சாவுகளுக்கும் குழி காட்டியவர் இவரே. தலை நிமிராமல் அதைக் கேட்டுக்கொண்டார். தேர் கடந்து போயிற்று. ஊருக்கு இடியொன்றும் விழவில்லை.

திங்கட்கிழமை காலைத் திருப்பலிக்குக் கோயில் கொள்ளவில்லை. பேழையின் தலைமாட்டில் பாஸ்காத் திரி எரிந்தது. மன்றாட்டுகளின்போது டிக்சனின் பெயரோடு பஸ்தியானின் பெயரையும் குரு சொன்னார். பின்வரிசையில் நின்ற கிருபை, பெயரைக் கேட்டதும் தூணைப் பற்றிக்கொண்டாள். பேழை வாயிலைக் கடந்தபோது மேலே மணி ஒலித்தது. நாவடங்கிக் கிடந்து மீண்ட அந்த மணியின் முதல் அடியில் வியாகுலம் கதறிய கதறலைக் கேட்டவர்கள் இன்றும் அதைப்பற்றிப் பேச விரும்புவதில்லை. கரையில் படகுகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தித் தலைத்துணியை அவிழ்த்தார்கள். முறைப்படி, குறைவொன்றுமின்றி, டிக்சன் வழியனுப்பப்பட்டான்.

முதற்பிடி மண்ணைத் தந்தை இட்டார். மணி நின்றது. கூட்டம் கலையத் தொடங்குகையில், சந்தியாகு மண்படிந்த கையோடு கல்லறைகளுக்கிடையே நடந்தார். தோட்டத்தின் கடல்நோக்கிய மூலையில், சிமிட்டி பூசக் கைப்பொருளின்றி வெறும் மணல்மேடாகவே கிடந்தது பஸ்தியானின் குழி. அதன்மேல் ஒரு மரச்சிலுவை. அங்கே கிருபை நின்றிருந்தாள். ஊரார் கேட்க அவர் சொன்னார்:

"கிருபை, மணி அடிக்கவன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நீ சரின்னு ஒரு வார்த்த சொன்னா, இப்பமே பஸ்தியானுக்கு அடிப்பான். ஊரே நிக்குது. எல்லாரும் கேக்கட்டும்."

கலைந்த கூட்டம் நின்றது. ததேயு கண்களைத் துடைத்துக்கொண்டார். இக்காட்சி நன்றாக முடியப்போகிறதென்று எல்லோரும் எண்ணினார்கள். நானும் அப்படி எழுதத்தான் ஆசைப்பட்டேன்.

கிருபையின் குரலில் சினம் இல்லை. "வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன் கிருபை?"

"அவரு கோயில் வாசலக் கடக்கையில அடிச்சிருக்கணும். அன்னைக்கு எம்புள்ள எங்கையப் பிடிச்சுக்கிட்டு, எப்பம்மா அடிப்பாவ, எப்பம்மா அடிப்பாவன்னு குழி வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தான். இன்னைக்கு அடிச்சா அது ஒங்களுக்கு அடிக்க மணி. அவருக்கு இல்ல."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

அவள் நடந்துபோய், புதுக்குழியருகே எழ இயலாமல் கிடந்த வியாகுலத்தைத் தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். இரு பெண்களும் ஒருவரையொருவர் தாங்கியபடி வாயிலை நோக்கி மெல்ல நடந்தார்கள். சந்தியாகு அந்த மணல்மேட்டின் அருகில் தனியே நின்றார். அவரை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை.

கற்றறிந்த நண்பரே, ஒரு பிழையை மேலும் செய்யாமல் நிறுத்துவது நம் கைக்கு எட்டக்கூடியது. செய்ததைச் செய்யாததாக்க எந்தக் கைக்கும் ஆற்றல் இல்லை. உயிர்த்த ஆண்டவரின் தேர் வரும் தெருவில் சாவு கிடக்கலாகாதென்ற வழக்கம் அவ்வாண்டோடு அச்சபையை விட்டு நீங்கியது. இனி அந்நாட்களில் இறக்கும் எளியவரும் திங்கட்கிழமைவரை காத்திருந்து மணியோடு போவார்கள். சந்தியாகு தலைமையை விட்டு விலகினார். மாலைதோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் முதலில் மகனுக்கும் பிறகு பஸ்தியானுக்கும் மெழுகுதிரி ஏற்றுகிறார். கிருபை அதைத் தடுக்கவுமில்லை, அதற்கு நன்றி சொல்லவுமில்லை. பஸ்தியான் மணியின்றிப் போனவனாகவே அந்த மணலில் உறங்குகிறான்.